செய்தி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? டவர் எட்டாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தேர்வு

டவர் எட்டாத இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அது எரிபொருள் தொட்டியாக இருக்கலாம், சரக்கு ரயில் பெட்டியாக இருக்கலாம், நடுக்கடல் மிதவையாக இருக்கலாம், கழுத்துப்பட்டையோடு காட்டில் திரியும் விலங்காகவும் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். புவி தாழ்வட்டப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாகச் சின்னச் சின்னத் தரவுச் செய்திகளை அனுப்பும் சேவைகள் இதற்காகவே பல இருக்கின்றன. அவர்களுடைய விளம்பரத் தாள்களை வரிசையாக வைத்துப் படித்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உலகம் முழுக்கக் கிடைக்கும், மின்சாரம் கொஞ்சம்தான் செலவாகும், கட்டணம் குறைவு. மூன்றும் ஓரளவு உண்மை என்பதால், அந்த மூன்றை வைத்துக்கொண்டு யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

நான் முதலில் கேட்பது வேறு. கைக்கு வரும் செய்தி எவ்வளவு பழையதாக இருந்தால் உங்களுக்கு நட்டம்? தொட்டியில் டீசல் பாதியாகக் குறைந்தது என்ற தகவல் ஆறு மணி நேரம் கழித்து வந்தாலும் லாரி அனுப்புவது நாளைக்குத்தான். திருடுபோன மண் அள்ளும் இயந்திரம் நகரத் தொடங்கியது என்ற தகவல் ஆறு மணி நேரம் கழித்து வந்தால், அது வேறு மாநிலத்தில் பெயிண்ட் அடிக்கப்பட்டு நிற்கும். இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப்போகும். அடுத்த கேள்வி, போன செய்தி சேர்ந்ததா என்று கருவிக்குத் தெரிய வேண்டுமா, அலுவலகத்திலிருந்து கருவிக்குக் கட்டளை போக வேண்டுமா என்பது. விலை, பைட் கணக்கு, கருவியின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே தாமதமாகிறது

புவிநிலைச் சுற்றுப்பாதை, அதாவது கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் பாதை, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி ஆகும். தாழ்வட்டப் பாதை 500 முதல் 1,400 கிலோமீட்டர் வரை என்பதால் அது சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். தொலைபேசிப் பேச்சுக்கு அது முக்கியம். தொட்டியின் அளவைச் சொல்வதற்குக் கால் நொடியால் எந்தக் குடியும் முழுகிவிடாது.

தாழ்வட்டப் பாதையின் உண்மையான லாபம் சிக்னல் வலிமையில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சிக்னல் பரந்து மெலிகிறது. 780 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோள் நேர் மேலே வரும்போது, புவிநிலைக் கோளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 2,100 மடங்கு வலுவாகக் கேட்கும். சதுரமாக நறுக்கிய பீங்கான் ஆன்டெனா ஒன்றை உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் வைத்து, எங்கே பார்த்து நிற்க வேண்டும் என்ற கவலையில்லாமல் பேச முடிவது இதனால்தான்.

அதற்கு ஒரு விலை உண்டு. தாழ்வட்டக் கோள் ஒரே இடத்தில் நிற்காது. நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தலைக்கு மேல் பத்துப் பதினைந்து நிமிடம் தெரிந்தால் அதிகம். ஒரு கோள் போய் அடுத்தது வரும்வரை என்ன நடக்கிறது, கோளுக்குக் கிடைத்த செய்தி தரைக்கு எப்படி இறங்குகிறது என்ற இரண்டு இடங்களில்தான் சேவைக்குச் சேவை மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இரிடியம்: காத்திருக்க முடியாதவர்களுக்கு

இரிடியம் என்ற நிறுவனத்தின் வலையில் 66 கோள்கள், ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில் தளத்துக்குப் பதினொன்றாக, துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. பூமியில் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும், துருவம் உட்பட, எப்போதும் ஒரு கோளாவது தொடுவானத்துக்கு மேலே இருக்கும். கோள்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டைக் கோள்களோடு இணைப்பு. நடுக்கடலில் கிளம்பிய செய்தி கோளுக்குக் கோள் தாவித் தரைநிலையம் இருக்கும் இடத்தில் இறங்கிவிடும். அந்தக் கடலருகே தரைநிலையம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கண்காணிப்புத் தொழிலில் எல்லாரும் பயன்படுத்துவது இதன் குறுஞ்செய்தித் தரவுச் சேவை, எஸ்பிடி. 9602, 9603 என்ற எண்ணுள்ள இரிடியம் மோடம்களில் கருவியிலிருந்து ஒரு செய்திக்கு 340 பைட் வரை அனுப்பலாம். கருவிக்கு 270 பைட் வரை வரும். வானம் திறந்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும், செய்தி சேர்ந்தது என்ற ஒப்புகையும் கிடைக்கும். படம் போலப் பெரிதாக எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் செய்திக்கு 100 கிலோபைட் வரை தாங்கும் புதிய சேவையும் வந்துவிட்டது.

கிட்டத்தில் பார்த்தால் இது இப்படி நடக்கிறது. மோடத்துக்கு ஒரு கட்டளை கொடுத்துச் செய்தியை அனுப்பச் சொல்கிறோம். பதிலாக ஒரு வரிசை எண்கள் வருகின்றன. அதில் முதல் எண்தான் தலையெழுத்து. 0 என்றால் போய்ச் சேர்ந்தது. 32 என்றால் கோளையே பிடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி முயன்றால் போதும். தொல்லை 18 வரும்போது. பேசிக்கொண்டிருக்கையில் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். செய்தி மேலே போய்ச் சேர்ந்து, ஒப்புகை மட்டும் கீழே வராமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. கருவி மறுபடி அனுப்பும், சர்வரில் ஒரே செய்தி இரண்டாக நிற்கும், இரண்டுக்கும் கட்டணம். ஒவ்வொரு பதிவிலும் நாமே ஒரு வரிசை எண் போட்டுவைத்தால் சர்வரில் இரட்டையைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடலாம். இதைச் செய்யாதவர்களின் அறிக்கையில் பம்பு ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடியிருக்கும்.

குறை என்று பார்த்தால், ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கருவி எட்டிப் பார்ப்பதற்கும் பல திட்டங்களில் காசு. மோடமும் மற்றவற்றைவிட விலை கூடுதல். இரிடியத்தின் அலைவரிசை 1,616 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, ஜிபிஎஸ் 1,575இல் இருக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் மோடம் உரக்கப் பேசும்போது ஜிபிஎஸ்ஸின் காது அடைத்துவிடும். இருப்பிடத்தை எடுத்து, ஜிபிஎஸ்ஸை அணைத்து, பிறகே மோடத்தைத் திறக்க வேண்டும். நல்ல டிராக்கர்கள் இதைத் தாமே செய்கின்றன. சொந்தமாக மின்சுற்றுப் பலகை வடிவமைப்பவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குளோபல்ஸ்டார்: சொல்லிவிட்டுப் போகிறவர்

குளோபல்ஸ்டார் கோள்கள் 1,414 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்குள் கோள்-கோள் இணைப்பு இல்லை. கீழிருந்து வந்ததை அப்படியே தரைநிலையத்துக்குத் திருப்பி அனுப்பும். எனவே கருவியும் தரைநிலையமும் ஒரே நேரத்தில் ஒரே கோளின் பார்வையில் இருக்க வேண்டும். நிலப்பரப்பில் தரைநிலையம் பக்கத்தில் இருந்தால் செய்தி உடனே வந்துவிடும். நடுப் பசிபிக்கில் வராது. துருவப் பகுதியிலும் நம்ப முடியாது.

இதன் ஒருவழி மோடம்தான் பலரைக் கவர்கிறது. அதில் பெறும் பகுதியே கிடையாது. அதனால் சிறிது, மலிவு, மின்சாரத்தையும் அளந்தே குடிக்கும். செய்தி சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒரே செய்தியைச் சில நிமிட இடைவெளியில் வழக்கமாக மூன்று முறை சொல்லிவிட்டு உறங்கிவிடும். ஒரு பொதிக்கு 9 பைட்தான். ரயில் பெட்டி எங்கே நிற்கிறது என்று நாளுக்கு இரண்டு முறை தெரிந்தால் போதும், ஒன்றிரண்டு தவறினாலும் குற்றமில்லை என்பவருக்கு இது தாராளம். ஒரு அபாய அறிவிப்பை மட்டும் இதை நம்பி விடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 2022 முதல் ஐபோன்களின் அவசரச் செய்திச் சேவை இந்தக் கோள்கள் வழியாகத்தான் போகிறது. வலைப்பின்னலின் கொள்ளளவில் 85 சதவீதத்தை ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒதுக்க ஒப்பந்தமாகியிருக்கிறது. பெரிய வாடிக்கையாளர் இருப்பதால் நிறுவனம் நிலைக்கும். அதே காரணத்தால் சிறிய வாடிக்கையாளர் குரல் எவ்வளவு கேட்கும் என்பதும் தெரிந்ததே.

சேமித்து அனுப்புபவர்கள்

மூன்றாவது வகை, தபால்காரர் பையைப் போல. கோள் தலைக்கு மேல் வரும்போது செய்தியை வாங்கிப் போட்டுக்கொள்ளும். பிறகு தரைநிலையத்தைக் கடக்கும்போது கொட்டும். இடையில் சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். கோள்கள் எத்தனை, தரைநிலையங்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது அது.

இந்த வகையில் மூத்தது ஆர்ப்காம். 1995இல் முதல் கோள்களை ஏவினார்கள். 2014, 2015இல் இரண்டாம் தலைமுறை போனது. 2015 டிசம்பரில் பால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பகுதி முதல்முறையாகத் திரும்பி வந்து தரையில் நின்றதே, அன்று அது சுமந்து சென்றது ஆர்ப்காமின் பதினொரு கோள்களை. தரைநிலையம் பார்வையில் இருந்தால் உடனடி, இல்லையென்றால் சேமித்து அனுப்புவது என்று இரண்டு முறையும் இதில் உண்டு. வேலை செய்வது விஎச்எப் அலைவரிசையில்: மேலே போக 148 முதல் 150 மெகாஹெர்ட்ஸ், கீழே வர 137 முதல் 138. இந்த அலைகள் ஈர இலைகளை ஊடுருவிப் போவதில் இரிடியத்தின் அலைகளைவிடக் கெட்டிக்காரத்தனம் கொண்டவை. பதிலுக்கு ஆன்டெனா அரை மீட்டர் நீளக் கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். மேய்ச்சல் மாடு அதை ஒரே நாளில் வளைத்துவிடும்.

விஎச்எப்பில் இன்னொரு வில்லங்கம் நம் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சோலார் சார்ஜர், மின்னழுத்தத்தை மாற்றும் டிசி-டிசி மாற்றி, எல்இடி விளக்கின் டிரைவர் எல்லாம் 137 மெகாஹெர்ட்ஸ் அருகே இரைச்சலைக் கக்கக்கூடியவை. கோளிலிருந்து வரும் மெல்லிய குரல் அதில் அமுங்கிவிடும். மேசையில் வைத்துப் பார்க்கும்போது அருமையாக ஓடிய கருவி, சோலார் தகட்டோடு கம்பத்தில் ஏற்றியதும் ஊமையாவது இதனால்தான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை சோதித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நானோ கோள்கள் எனப்படும் புதிய தலைமுறைச் சின்னக் கோள்கள் இதே வேலையை மலிவாகச் செய்யக் கிளம்பியவை. இவற்றில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது ஸ்வார்ம். உள்ளங்கை அளவுள்ள நான்கு கோள்களை 2018 ஜனவரியில் பிஎஸ்எல்வி சி-40இல் ஏவினார்கள். இவ்வளவு சிறியதை ரேடாரால் சரியாகப் பின்தொடர முடியாது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்திருந்தது. அதையும் மீறி ஏவியதற்கு 9 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. பிறகு அனுமதி கிடைத்து, செய்திக்கு 192 பைட், யாரும் கேட்டிராத குறைந்த மாதக் கட்டணம் என்று நன்றாகவே ஓடியது. 2021இல் ஸ்பேஸ்எக்ஸ் வாங்கியது. 2023இல் புதிய கருவிகளின் விற்பனை நின்றது. பின்னர் சேவையும் மூடப்பட்டது. அதை நம்பி வயல்வெளியிலும் கடற்கரையிலும் கருவிகளைப் பொருத்தியவர்கள் மோடத்தை மாற்றுவதற்காக ஒவ்வோர் இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. இந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் மிரியோட்டா 20 பைட் செய்தியை வைத்தே ஒரு தொழில் நடத்துகிறது. பிரான்சின் கினேயிஸ் 25 நானோ கோள்களை 2024 ஜூனுக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையே ஐந்து ஏவுதல்களில் ஏற்றி முடித்தது. கினேயிஸுக்குப் பின்னால் 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் அமைப்பின் அனுபவம் இருக்கிறது. பறவைகள், ஆமைகள், திமிங்கலங்கள் பற்றி நமக்குத் தெரிந்த இடப்பெயர்ச்சி வரைபடங்களில் பெரும்பகுதி ஆர்கோஸ் வழியாக வந்தது. அதன் சாமர்த்தியம், டாப்ளர் விளைவிலிருந்தே இருப்பிடத்தைக் கணக்கிடுவது. கோள் நெருங்கும்போது அதிர்வெண் கூடும், விலகும்போது குறையும்; அந்த வளைவைப் படித்துக் கருவி எங்கே இருக்கிறது என்று தரையில் சொல்லிவிடுவார்கள். கருவியில் ஜிபிஎஸ்ஸே வேண்டாம். அதனால்தான் இரண்டு கிராம் எடையில், சோலாரில் ஓடும் பட்டையைச் சின்னப் பறவையின் முதுகில் கட்ட முடிகிறது. துல்லியம் சில நூறு மீட்டர். கடல் தாண்டும் பறவைக்கு அது போதாதா என்ன.

ஒருவழிச் சேவைக்கும் உடனடி இருவழிச் சேவைக்கும் இடையிலான வேறுபாட்டை நன்றாகக் காட்டுவது கடலாய்வு. ஆர்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தில் (ஆர்கோஸ் வேறு, இது வேறு) ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அனுப்புகின்றன. பழைய மிதவைகள் ஆர்கோஸ் வழியாக ஒருவழியில் பேசியவை. சேர்ந்ததா என்று தெரியாததால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கடல்மட்டத்தில் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் காற்றும் அலையும் இழுத்துப் போகும், பாசி பிடிக்கும், கப்பல் இடிக்கும், யாராவது தூக்கிப் போகவும் கூடும். இரிடியத்துக்கு மாறிய மிதவைகள் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லி முடித்து, ஒப்புகை வாங்கி, ஆழத்துக்குத் திரும்பிவிடுகின்றன. கூடுதல் அளவீடுகளையும் அனுப்ப முடிகிறது. கடல்நீரின் வெப்பநிலையில் அவசரம் ஏதுமில்லை. ஆனாலும் உடனடி இருவழிச் சேவையே இங்கே வென்றது; காத்திருப்பின் செலவைச் செய்திக்குப் பதில் மிதவை கொடுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பைட்டில் ஒரு பதிவு

செய்தி அளவைப் பற்றிப் பேசும்போது, இணையத்துக்குப் பழகிய மென்பொருளாளர்கள் ஜேசன் என்ற வழக்கமான எழுத்து வடிவில் நூறு எழுத்துக்கு மேல் எழுதிக்கொண்டு வருவார்கள். பைட்டுக்குக் காசு கொடுக்கும் ஊரில் அது ஊதாரித்தனம். அட்சரேகைக்கு 3 பைட், தீர்க்கரேகைக்கு 3 பைட் போதும். 24 பிட்டில் நிலநடுக்கோட்டருகே இரண்டரை மீட்டருக்குள் துல்லியம் கிடைக்கும். நேரத்தை நிமிடங்களில் எண்ணி 2 பைட்டில் வைத்தால் 45 நாளுக்கு ஒருமுறைதான் எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பும். பேட்டரி, வெப்பநிலை, தொட்டி அளவு, எச்சரிக்கைக் குறிகள் தலா ஒரு பைட். மொத்தம் 12.

இப்போது சேவைகளை இந்தப் பன்னிரண்டால் அளந்து பாருங்கள். இரிடியத்தின் 340 பைட்டில் 28 பதிவுகள் அடங்கும். மணிக்கு ஒன்றாக எடுத்த ஒரு நாளின் 24 பதிவுகளும் ஒரே செய்தியில் போய்விடும், இடமும் மிஞ்சும். மிரியோட்டாவின் 20 பைட்டில் ஒன்றுதான். குளோபல்ஸ்டாரின் 9 பைட்டில் ஒன்றுகூட இல்லை. நேரத்தையும் ஏதாவது ஓர் அளவையும் வெட்ட வேண்டும். நகராத தொட்டிக்கு இருப்பிடம் அனுப்பவே தேவையில்லை என்பதை நினைவில் கொண்டால் ஆறு பைட் மிச்சமாகி, 9 பைட்டும் போதுமானதாகிவிடும். எந்தச் சேவை மலிவு என்ற பேச்சை இதற்கு முன்னால் தொடங்குவது வீண்.

பேட்டரிக் கணக்கு

இரிடியம் 9603 போன்ற மோடம் செய்தி அனுப்பும்போது 5 வோல்ட்டில் சராசரியாக 150 மில்லிஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடத்தில் முடிந்தால் 22 ஜூல் சொச்சம். 19 ஆம்பியர்-மணி கொண்ட பெரிய லித்தியம் தயோனில் குளோரைடு செல் ஒன்றில் ஏறக்குறைய 2,46,000 ஜூல் இருக்கிறது. மணிக்கு ஒரு செய்தி என்றால் காகிதத்தில் 450 நாள் வரும். அதே கருவியை மரத்தடியில் வைத்து, ஒவ்வொரு செய்திக்கும் ஐந்து நிமிடம் போராட விட்டால் 45 நாள். இது தோராயக் கணக்குதான்; பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட இது போதும். தரவுத்தாளில் உள்ள எண்ணைவிட ஆன்டெனாவுக்கு மேலே உள்ள வானம்தான் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

நாளுக்கு ஒரே செய்தி என்றால் கதை மாறும். அப்போது உறங்கும் நேரத்தில் கசியும் மின்சாரம்தான் எஜமான். பலகையில் எங்கோ 100 மைக்ரோஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 31 ஜூல். செய்திக்குச் செலவாவதைவிட அதிகம். இந்த நிலையில் மின்சாரம் குறைவாக எடுக்கும் மோடம் என்று தேடி அலைவதில் பயனில்லை, கசிவை அடைப்பதுதான் வேலை. இன்னொன்று, இந்த வகை செல்கள் நீண்ட நாள் தாங்கும், ஆனால் திடீரென்று ஓர் ஆம்பியருக்கு மேல் கேட்டால் கொடுக்காது. மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் நடுவில் வேண்டும். மாதக்கணக்கில் தூங்கிய செல் விழித்தெழ மறுப்பதும் உண்டு.

ஜிபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள். கோள்களின் பாதைத் தகவல் 30 நொடிக்கு ஒரு முறை ஒலிபரப்பாகிறது, சில மணி நேரத்தில் காலாவதியாகிறது. நாளுக்கு ஒருமுறை விழிக்கும் கருவி ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்டாக வேண்டும். இருப்பிடம் அறியும் செலவு, அதை அனுப்பும் செலவுக்குச் சமமாகிவிடுவது அப்படித்தான்.

புவிநிலைக் கோளை ஒதுக்க வேண்டாம்

தாழ்வட்டப் பாதைதான் நவீனம் என்ற எண்ணத்தில் பலர் புவிநிலைச் சேவைகளைப் பார்ப்பதே இல்லை. இன்மார்சாட்டின் புவிநிலைக் கோள்களில் ஓடும் ஐடிபி என்ற செய்திச் சேவையில் கருவியிலிருந்து 6,400 பைட், கருவிக்கு 10,000 பைட் வரை ஒரே செய்தியில் போகும், நொடிகளில் சேரும், இருவழி. நிலநடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகாத, திறந்த வெளியில் நகராமல் நிற்கும் பொருளுக்கு இது அருமையான தேர்வு. முதல் நாள் கோள் தெரிந்தால் என்றைக்கும் தெரியும்.

அதன் மறுபக்கமும் அதே காரணத்தில்தான் இருக்கிறது. முதல் நாள் மலை மறைத்தால் என்றைக்கும் மறைக்கும். செங்குத்துப் பள்ளத்தாக்கில், உயரமான கட்டடத்தின் நிழலில், 70 பாகைக்கு மேற்பட்ட அட்சரேகைகளில் இது தோற்கும். தாழ்வட்டக் கோள்களோ ஓடிக்கொண்டே இருப்பதால் வானத்தில் கிடைக்கும் சிறு திறப்பு வழியாக எதாவது ஒன்று எப்போதாவது தலைகாட்டும். பள்ளத்தாக்கில் எவ்வளவு தாமதம் ஏற்கலாம் என்பது மறுபடியும் முதல் கேள்விக்கே வருகிறது.

என்பி-ஐஓடி: வரப்போகும் சிம் கார்டு

செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் பதிப்பு, 2022இல் உறுதியானது, கருவிகள் சின்னச் செய்திகள் அனுப்புவதற்கென்றே செல்பேசி வலையில் உள்ள என்பி-ஐஓடி தொழில்நுட்பத்தைச் செயற்கைக்கோளுக்கு நீட்டியது. ஒரே சிப், ஒரே சிம். டவர் இருந்தால் டவர், இல்லையென்றால் கோள். ஸ்கைலோ இதைப் புவிநிலைக் கோள்கள் வழியாக நடத்துகிறது. ஸ்பெயினின் சாட்டெலியோட் தாழ்வட்டப் பாதையில் முயல்கிறது. இரிடியமும் தன் வலையில் இதைக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறது. பொதுத் தரம் என்பதால் ஒரு நிறுவனம் மூடினால் இன்னொன்றுக்கு மாற வழி இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இன்று புதிதாகப் பலகை வடிவமைப்பவர்கள் இதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும் என்பேன். ஆனால் எந்த நாட்டில், எந்தக் கோளில், எந்த அலைவரிசையில் இன்று நிஜமாக வேலை செய்கிறது என்று கருவியை வைத்துப் பார்க்காமல் ஒப்பந்தம் போட வேண்டாம்.

நிறுவனம் எத்தனை நாள்

தொட்டியின் ஆயுள் இருபது ஆண்டு. மோடத்தின் பின்னால் உள்ள நிறுவனத்தின் ஆயுள்?

இரிடியம் 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கி 1999 ஆகஸ்டில் திவாலானது. 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய வலையை 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஆர்ப்காம் 2000இலும் குளோபல்ஸ்டார் 2002இலும் அதே வழியில் போயின. ஆனால் மூன்றின் சேவையும் இன்றும் ஓடுகிறது. காரணம் எளியது: கணக்குப் புத்தகம் மூழ்கினாலும் கோள்கள் மேலேயே இருந்தன. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் அவை சீக்கிரம் விழாது. புதிய முதலாளி வந்து சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டினார். ஐந்நூறு கிலோமீட்டர் அருகே சுற்றும் நானோ கோள்களுக்கு இந்த வசதி கிடையாது. காற்றின் உராய்வு சில ஆண்டுகளில் அவற்றைக் கீழே இழுத்துவிடும். புதியவற்றை ஏவப் பணம் நின்றால் வலையே கரைந்துபோகும். வாங்குபவருக்கு வாங்க ஒன்றும் மிஞ்சாது.

இதனால் நானோ கோள் சேவையை வாங்கவே கூடாது என்பதில்லை. கருவியின் ஆயுளும் சேவையின் ஆயுளும் பொருந்த வேண்டும். இரண்டு ஆண்டு ஆய்வுக்காக வைக்கும் சென்சாருக்குத் தாராளமாக எடுக்கலாம். படகில் நான்கு மணி நேரம் போய்ச் சேர வேண்டிய தீவில் பத்து ஆண்டுக்குப் பொருத்துவதற்கு நான் எடுக்க மாட்டேன். எதை எடுத்தாலும் மோடம் தனிச் சின்னப் பலகையில், கனெக்டரில் செருகும் வடிவில் இருக்கட்டும். ஒட்டிவைத்த மோடத்தை மாற்ற முழுக் கருவியையும் கழற்ற வேண்டும்.

செயற்கைக்கோளே வேண்டாத இடங்கள்

ஒரே நிலப்பரப்பில் நாற்பது சென்சார் இருந்தால் நாற்பது மோடம் வாங்குவது வீண் செலவு. சென்சார்கள் லோரா என்ற, மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேடியோவில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு நடுக்கருவியோடு பேசட்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் செயற்கைக்கோள் போதும். நாற்பது மாதக் கட்டணம் ஒன்றாகும். சாலையில் ஓடும் வண்டிகள் நாளின் பெரும்பகுதி டவர் எல்லைக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்குச் செல்பேசி சிம் முதலில், பதினைந்து நிமிடம் டவர் கிடைக்காவிட்டால் மட்டும் கோள் என்ற கலப்பு முறைதான் சரி. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்களின் நடுவில் சிக்கிய பெட்டிக்கு எந்தக் கோளும் தெரியாது. எஃகுச் சுவர்களுக்கு நடுவே வானமே இல்லை. அங்கே கப்பலுக்குள்ளேயே ரேடியோ வலை வேண்டும்.

என் கையில் முடிவு இருந்தால்: விலை உயர்ந்த இயந்திரத்தின் திருட்டுத் தடுப்புக்குச் செல்பேசியோடு இரிடியம். தொலைவில் இருந்து வால்வைத் திறந்து மூட வேண்டுமென்றால் இரிடியம் அல்லது, வானம் அனுமதித்தால், புவிநிலைச் சேவை. ஒப்புகை இல்லாத எதுவும் கூடாது. நாளுக்கு ஒருமுறை சொன்னால் போதும் என்ற தொட்டிகள், கிடங்கில் தூங்கும் டிரெய்லர்கள், தேனீப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சேமித்து அனுப்பும் சேவையோ ஒருவழி மோடமோ போதும், அதற்கு மேல் கொடுப்பது வீம்பு. விலங்குக்கு எடைதான் சட்டம். ஆர்கோஸ், கினேயிஸ் பக்கம் போகலாம். கடல், துருவம் இரண்டுக்கும் இரிடியத்தை விட்டால் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு கருவிகளைக் கேட்டு வாங்கி, இருப்பதிலேயே மோசமான இடத்தில், பக்கத்தில் பக்கத்தில், ஒரு மாதம் வையுங்கள். மொட்டை மாடியில் வைத்த சோதனை எதையும் சொல்லாது. மாத முடிவில் விற்பனையாளர் சராசரித் தாமதத்தை நீட்டுவார். அதை விட்டுவிட்டு, இரண்டு செய்திகளுக்கு நடுவே விழுந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். சராசரி 20 நிமிடம் என்று சொல்லும் சேவையில் ஒரு மழைநாளில் 11 மணி நேர மௌனம் ஒளிந்திருக்கலாம். அந்த நாட்டில் அந்த அலைவரிசைக்கு அனுமதி இருக்கிறதா, பயன்படுத்தாத மாதத்தில் இணைப்பை நிறுத்திவைக்க எவ்வளவு, மறுபடி திறக்க எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் ஓடும் கருவிகளில் மாதக் கட்டணத்தைவிட இந்தக் கடைசி இரண்டு எண்களே பெரிதாக வந்து நிற்கும்.